நாலு வாளி மரோய்

வெங்காயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று அறுபத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம் எங்களுடையது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு டில்லிக்கு வந்து, ஒரு சர்க்கார் ஆபீஸ் கேண்டீனில் முப்பது வருஷம் அடுப்படியில் நின்றேன். விளைவிக்கவும் தெரியும், ஒரு மூட்டையை ஒரே மூச்சில் உரிக்கவும் தெரியும். "உங்க சாம்பார் எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரிங்க, கரண்டி வெச்சு இழுத்தாலும் நகராது" என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொள்வார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்கிற இப்படிப்பட்ட பேச்சுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். நான் படித்த படிப்பு பெரும்பாலும் அதுதான்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். லக்ஷ்மிபாய் நகரில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் வந்தது. நான் ஓய்வு பெற்றபின் வீட்டுச் சமையல் என் பொறுப்பு. அவள் டூட்டிக்குப் போவாள், நான் தாளிப்பேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் அவளோடு வேலை செய்யும் இன்னொரு நர்ஸ் இருக்கிறாள். மணிப்பூர்க்காரி, நாற்பது வயதிருக்கும். வார்டில் தமிழ் நர்சுகளோடும் மலையாள நர்சுகளோடும் பழகிப் பழகி, என்னை அண்ணா என்பாள், மனைவியை அக்கா என்பாள். மற்றபடி எங்கள் பேச்சு ஹிந்தியில்தான் நடக்கும். அவள் பால்கனியில், கூலர் நிற்கும் இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாலு பெயின்ட் வாளிகளில் புல் மாதிரி ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கிண்ணத்தில் எதையோ மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கு, மிளகாய், நம் கருவாட்டையே தோற்கடிக்கும் வாசத்தில் ஒரு பதப்படுத்திய மீன், எல்லாம் சேர்த்து மசித்து, மேலே பொடியாக நறுக்கிய பச்சை இலை தூவியிருந்தாள். வாயில் போட்டதும் எனக்கு அந்த இலைதான் பிடிபட்டது. பூண்டு என்று நினைத்தால் வெங்காயம், வெங்காயம் என்று முடிவு கட்டினால் பூண்டு.

"இது என்ன இலைம்மா?"

"மரோய் அண்ணா. மரோய் நாபாக்பி. ஜங்லி ப்யாஸ்னு வெச்சுக்குங்க. எங்க மலைங்கள்ல தானா வளரும், வீட்லயும் வெப்போம்."

ஜங்லி ப்யாஸ், அதாவது காட்டு வெங்காயம் என்றதும் என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் அந்தப் பெயரில் திரிவது நரிவெங்காயம். அதைச் சாப்பிட்டுவிட்டு வார்டுக்கு வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். "மோந்து பாத்தீங்களா? வெங்காய வாசம் வரலைன்னா வாய்ல வெக்கக் கூடாது" என்றாள். அது நல்ல பேச்சு, நானும் எல்லோருக்கும் சொல்வேன். இதில் வாசம் மாடிப்படி வரை வந்தது.

அந்த நாலு வாளிகளுக்கு ஒரு கதை உண்டு. ஒரு முறை லீவில் ஊருக்குப் போனபோது, அவள் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து சில தூர்களைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் கலவரம் வந்தது. அம்மா கைக்குக் கிடைத்ததோடு வெளியேறி, முகாமில் தங்கி, பிறகு உறவினர் வீட்டில் ஒண்டினார். வீடு எரிந்துபோனது. கொல்லை இருக்கும் இடத்துக்கு இப்போது யாரும் போக முடியாது. அந்தக் கொல்லையில் இருந்தவற்றில் உயிரோடு மிஞ்சியிருப்பது டில்லியில் இந்த நாலு வாளிகளில் நிற்பதுதான். அம்மா போனில் பேசினால், சாப்பிட்டாயா என்று மகளைக் கேட்பதற்கு முன்னால் மரோய் எப்படி இருக்கிறது என்று கேட்பாராம். "நான் அதுக்கப்புறம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன ஜனவரியில் அம்மாவை நிரந்தரமாக டில்லிக்கே கூட்டிவர அவள் லீவு போட்டாள். வாளிகளை ஒவ்வொன்றாக எங்கள் பால்கனிக்குத் தூக்கி வந்தாள்.

"அண்ணா, மண்ணு காஞ்சா கொஞ்சம் தண்ணி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"யாருகிட்டம்மா சொல்றே? நான் வெங்காயத்துலயே பொறந்தவன்."

"அதான் பயமா இருக்கு" என்று அன்றைக்கே என் மனைவி சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் போல ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். பனிமூட்டம் இறங்கி வெயிலே இல்லாமல் ஒரு வாரம் போனது. இலைகளின் நுனி மஞ்சளாகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. என் ரத்தம் சும்மா இருக்குமா? வெங்காயத்தில் தாள் சாய்ந்தால் காய் முற்றிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை நிறுத்த வேண்டும், மண் காய வேண்டும், பிறகு பிடுங்க வேண்டும். தண்ணீரை நிறுத்தினேன். அவள் வரும்போது அம்மாவும் மகளும் மலைத்துப்போகிற மாதிரி ஒரு அறுவடையை நீட்டுவது என்று மனத்துக்குள் திட்டம். பாதி சாப்பாட்டுக்கு, பாதி விதைக்கு என்று பங்கே போட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு வாரம் கழித்து முதல் வாளியைக் கவிழ்த்தேன். காயைக் காணோம். வெங்காயம் இருக்க வேண்டிய இடத்தில் தண்டு லேசாகப் பருத்திருந்தது, அவ்வளவுதான். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக, சதைப்பிடிப்பாக, தண்ணீர்விட்டான் கிழங்கின் குஞ்சுகள் போல வேர்கள் கற்றை கற்றையாகத் தொங்கின. அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். எனக்கோ காரணம் உடனே புரிந்துவிட்டது. நெருக்கி நட்டிருக்கிறாள், அதனால் காய் வைக்கவில்லை, சத்தெல்லாம் வேருக்கே போய்விட்டது! மற்ற மூன்று வாளிகளையும் கவிழ்த்தேன். இருபத்து மூன்று தூர். கத்தரிக்கோலை எடுத்து, வெங்காயத்தைச் சுத்தம் செய்வதுபோல மேலே தாளையும் கீழே வேரையும் ஒட்ட நறுக்கினேன்.

எங்கள் பக்கத்தில் வெங்காயத்தைக் காயவைத்து, மூங்கில் படல் கட்டி, காற்று உள்ளே புகுந்து வெளியே வருகிற மாதிரி குவித்து வைப்போம். பட்டறை போடுவது என்று சொல்வோம். மாதக் கணக்கில் கெடாது. பால்கனி நிழலில் இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் ஆப்பிள் பெட்டி வைத்து, அடியில் வைக்கோல் பரப்பி, இருபத்து மூன்று தூர்களுக்கும் ஒரு குட்டிப் பட்டறை போட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. கேண்டீன்காரன் கையில் எதுவும் வீணாகாது. நறுக்கிய வேர்களை அலசி, புளி, மிளகாய், நல்லெண்ணெய் விட்டுச் சுண்டக் கிண்டித் தொக்காக்கி பாட்டிலில் அடைத்தேன். ருசி என்றால் அப்படியொரு ருசி.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் மனைவி டூட்டி முடிந்து வந்து துணி காயப்போடப் பால்கனிக்குப் போனாள். அதுவரை கதவை நான்தான் சாத்தி வைத்திருந்தேன், ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று.

"ஏங்க, வாளியெல்லாம் ஏன் காலியா கெடக்கு?"

"அறுவடை."

"என்ன அறுவடை?"

பெட்டியைக் காட்டினேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். "வேரு எங்கங்க?"

"தொக்கு."

ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே கீழ்வீட்டுக்காரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவளோ நல்ல உற்சாகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்களாம், டிக்கெட் எடுத்தாயிற்றாம். "மரோய் எப்படிண்ணா?" என்று கேட்டாள். "ஏக்தம் அச்சா", பிரமாதமாக இருக்கிறது என்று என் வாய் சொல்லிவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சும்மா கேட்பது போல, "அது எப்போ வெங்காயம் வெக்கும்?" என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "வெங்காயமாக்கா? அது வெக்கவே வெக்காது. குளிருக்கு எல கொஞ்சம் படுக்கும், அப்புறம் தானா எழுந்துக்கும். அதுக்கு உசுரே வேருலதானே இருக்கு."

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "உங்க கையில கத்திய குடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விட்டா, குடல எடுத்துட்டு பேஷண்ட பட்டறையில போட்ருவீங்க." அவள் சொன்னதில் எதையும் நான் மறப்பதில்லை. அவள் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வராத ஒரே நாள் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடினேன். சாம்பார்ப் பொடி வாங்கும் கடைகளைத் தாண்டிப் போனால், வடகிழக்குக்காரர்களுக்கான கீரையும் மூங்கில் குருத்தும் விற்கிற ஒரு கடை உண்டு. அங்கே மரோய் கட்டு இருந்தது. அறுத்த கட்டு வேண்டாம், வேரோடு வேண்டும் என்று நின்றேன். "பாய் சாப், வேரோட வர்றதெல்லாம் சாயந்தரத்துக்குள்ள போயிடும், நட்டு வளக்கறவங்க வாங்கிட்டுப் போவாங்க" என்று சொல்லி, அடியில் கிடந்த ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். எட்டுத் தூர், நல்ல வேர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாளிகளில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டப்போய்ப் பார்த்தாலும் தெரியாது.

மனைவி வந்து பார்த்தாள். திட்டவில்லை. "நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதுதான்" என்றாள். "ஆனா நாளைக்கு அந்தம்மா இதுக்குப் பக்கத்துல உக்காந்து ஊர நெனச்சு அழுவாங்க. அப்போ அவங்க அழுவுறது கடைக்காரன் கட்டப் பாத்துன்னு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும். உங்களால அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

முடியாது. நட்ட எட்டையும் வாளிகளிலிருந்து எடுத்து, எங்கள் வீட்டு உடைந்த பக்கெட் ஒன்றில் தனியாக வைத்தேன். பட்டறைப் பெட்டியின்மேல் ஈரச்சாக்கைப் போட்டேன். மேற்கொண்டு எதையும் செய்யக் கை வரவில்லை. நான் செய்தது போதும் என்று கையே சொல்லியது.

ஞாயிறு மத்தியானம் வந்தார்கள். அம்மா என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவராக இருப்பார். குட்டையான உருவம், சால்வை, விறுவிறுவென்ற நடை. மகள் இமா என்று கூப்பிடுவதால் நாங்களும் இமா என்றே கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம். ஹிந்தி அவருக்கு நாலு சொல்தான். பெட்டிகளைக் கீழ்வீட்டில் வைத்த கையோடு மாடியேறி எங்கள் பால்கனிக்கு வந்துவிட்டார். காலி வாளிகள் நாலும் வரிசையாக நின்றன.

நான் சொன்னேன். எதையும் குறைக்காமல், தண்ணீரை நிறுத்தியது, பிடுங்கியது, வேரை நறுக்கியது, போனில் பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் இறுகிக்கொண்டே போனது. "இமாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, வாளிகளைப் பார்த்துக் கேட்டாள். பிறகு தங்கள் மொழியில் இரண்டே வாக்கியம் சொன்னாள். இவ்வளவு பெரிய குற்றம் இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இமா பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாக்கை விலக்கினார். ஒவ்வொரு தூராக எடுத்துக் கட்டைவிரலால் அடியை அழுத்திப் பார்த்தார். அமுங்கியது இடது பக்கம், அமுங்காதது மடியில். கீழே ரோட்டில் பழைய சாமான் வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான். கடைசியில் மடியில் பதினொன்று இருந்தது. அவர் என்னைப் பார்த்து, இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் போல அசைத்து, கையை விரித்தார். வெட்டினாயே, அது எங்கே?

தொக்கு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து, ஒரு வேரை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

மகள் சற்று யோசித்துவிட்டு, "உப்பு தூக்கலாம்" என்றாள்.

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். சோறு இருக்கிறதா என்று இமா சைகையில் கேட்டார். தட்டில் சூடாகச் சோறு போட்டு, தொக்கு பிசைந்து, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பின நாளிலிருந்து தண்ணீரும் பிஸ்கட்டும் தவிர எதுவும் இறங்கவில்லை என்று மகள் பிறகு மனைவியிடம் சொன்னாளாம்.

அந்தப் பதினொன்றையும் இமாவே நட்டார். தோட்ட மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. வாளியடியில் ஓட்டை போதாது என்று என்னைக் கொண்டே ஆணி காய்ச்சிக் குத்தவைத்தார். அரிசி கழுவின தண்ணீரில் தூர்களைச் சற்று நேரம் நனைத்து, கழுத்தளவு மட்டும் புதைத்தார். பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் தினமும் மூன்று தரம் கீழே இறங்கி எட்டிப் பார்ப்பேன். மகள் கதவைத் திறப்பாள். கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை, ஆனால் என்னை அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் நட்டுவைத்த கடை மரோயை இமா வந்து பார்த்து, நன்றாயிருக்கிறது என்று தலையசைத்து, அதையும் கீழே கொண்டுபோனார். ஆனால் வாளிகளில் கலக்கவில்லை. உடைந்த பக்கெட்டிலேயே தனியாக வைத்து, சமையலுக்கு வேண்டிய இலையை அதிலிருந்தே அறுத்தார். கடையிலிருந்து வந்ததைச் சாப்பிடுவது, வீட்டிலிருந்து வந்ததைத் தொடாமல் வைப்பது. இப்படி யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஹோலிக்கு முன்னால் ஒரு காலை, நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து சத்தம். "அண்ணா! ஜல்தி! ஜல்தி ஆவோ!" அடுப்பை அணைக்காமலே ஓடினேன். இரண்டாவது வாளியில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை. இமா அதன் முன்னால் குந்தியிருந்தார், தொடவில்லை. ஒரு வாரத்தில் ஏழு முளைத்தன. நாலு வரவில்லை. அந்த நாலுக்கும் நான்தான் பொறுப்பு, அதில் எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு இப்போது நான் தெம்பாகச் சொல்வேன், விலை கொடுத்துக் கற்றதல்லவா. மண் எப்போதும் லேசாக ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மே, ஜூன் வெயிலில் நேராக வைத்தால் டில்லி அதை வறுத்துவிடும். காலை வெயில் மட்டும் படட்டும், கூலர் காற்று படும் இடமென்றால் அதற்கும் சுகம். இலையை மண்ணுக்கு இரண்டு விரல்கடை மேலே அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. குளிருக்குப் படுத்தால் படுக்கட்டும், நீங்கள் போர்வையை உருவப் போகாதீர்கள். காய் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

சமையலில் என்றால் அடை மாவில் ஒரு கைப்பிடி நறுக்கிப் போடுங்கள், பிறகு வெறும் வெங்காய அடை வாய்க்கு இறங்காது. பாசிப்பருப்பு வெந்து இறக்கும்போது நெய்யில் வரமிளகாயும் இந்த இலையும் தாளித்துக் கொட்டினால் ரசமே வேண்டாம். நெடுநேரம் வதக்கினால் வாசம் ஓடிவிடும். அமாவாசையன்று இதைப் போடலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. அவர்கள் பக்கத்தில் வெங்காயமும் பூண்டும் ஆகாத பூஜை விருந்துகளில்கூட இதைச் சேர்ப்பார்களாம். நான் அதை எடுத்துச் சொன்னேன். "அவங்க சாமிக்கு அது இலை. நம்ம வீட்டு சாமிக்கு மூக்கு இருக்கு" என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். அமாவாசையன்று மட்டும் மரோய் கிடையாது.

ஜூலையில் நாலு நாள் விடாமல் மழை. ஏழு தூரும் பக்கவாட்டில் கன்றுவிட்டு வாளி நிறைய நின்றன. இமா முதல்முறையாக வீட்டு மரோயில் கைவைத்தார். ஒரு கைப்பிடி இலை அறுத்து, அந்த உருளைக்கிழங்கு மசியலைச் செய்து, எங்களையும் கூப்பிட்டார். தட்டு முன்னால் உட்கார்ந்தபோது அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். மகள் அவர் முதுகில் கைவைத்தாள். பிறகு அவர் மென்றார். இந்தத் தடவை உப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்து, தூரைப் பிரித்து எனக்கும் பங்கு கொடுக்கப் போவதாக மகள் சொன்னாள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "இமாதான் சொல்றா அண்ணா. ஒரே வீட்ல இருந்தா ஒரே நாள்ல போயிடும். ரெண்டு வீட்ல இருக்கட்டும்னு." நான் மாடிக்கு ஓடி வாளியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இமா வாளியை வாங்கிக்கொண்டார். கத்தரிக்கோலை என் கையிலிருந்து எடுத்து, மகளிடம் கொடுத்து, உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு என் இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்துத் தூரின் நடுவில் வைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினார். வேர்கள் ஒன்றும் அறுபடாமல் பிரிந்து வந்தன. என் பங்கு மூன்று.